விளக்குக்கு எண்ணெய், வயிற்றுக்கு வித்து

(2024ஆம் ஆண்டு புரட்டாசி மாதப் பிறப்பை ஒட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற நலவாழ்வு நிகழ்ச்சியில், செயலவை உறுப்பினரும் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எண்ணெய் இல்லாமல் சமைப்பது பற்றி நான் பேசப் போவதாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த ஓர் அம்மையார் வாசலிலேயே என்னை நிறுத்தி, "வாத்தியாரே, கோயிலுக்குள்ள வந்து எண்ணெய் வேணாம்னு பேசப் போறீங்களாமே, அம்மனுக்கு விளக்கு எதுல ஏத்துறதாம்?" என்று கேட்டார். அவர் இப்போது முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். அம்மா, விளக்குக்குத் தாராளமாக ஊற்றுங்கள். அந்த எண்ணெய் எரிந்து ஒளியாகிவிடுகிறது. நான் பேச வந்தது எரியாமல் நம் உடம்பிலேயே தங்கிவிடும் எண்ணெயைப் பற்றி.

நான் மருத்துவன் அல்லன். 34 ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவன். அதிலும் பெரும்பாலும் கணக்குப் பாடம். ஆகவே மருத்துவம் பேசாமல் கணக்குப் பேசுகிறேன். கணக்குத் தவறாக இருந்தால் கை தூக்குங்கள், திருத்திக் கொள்கிறேன்.

கரண்டி மாமா கேட்ட கேள்வி

நம் ஆலயத்தின் அன்னதானச் சமையற்கூடத்தில் 1994ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றிய ஒரு பெரியவர் இருந்தார். பிள்ளைகள் அவரைக் 'கரண்டி மாமா' என்றுதான் அழைப்பார்கள். ஒரு காசு வாங்காமல், வெள்ளிக்கிழமை தவறாமல், அதிகாலை 4 மணிக்கு வந்து அடுப்பை மூட்டுவார். அவர் கையால் சாப்பிடாதவர் இந்த மண்டபத்தில் அநேகமாக யாரும் இருக்க மாட்டீர்கள். அவருடைய கத்தரிக்காய்ப் புளிக்குழம்பின் மேல் எண்ணெய் ஒரு விரற்கடை மிதக்கும். "எண்ணெ மெதந்தாத்தான் கொழம்பு" என்பார். நாமும் தலையாட்டிச் சாப்பிட்டோம்.

2018ஆம் ஆண்டு நீரிழிவு முற்றி, புண் ஆறாமல், அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் பார்க்கப் போனேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் எனக்கு நெஞ்சு வலி வந்து, இரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இரண்டு நோயாளிகள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நெடுநேரம் பேசாமல் இருந்தவர் திடீரென்று, "வாத்தியாரே, இத்தன வருசமா நான் ஊத்துன எண்ணெயெல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு நோய் வந்தது எண்ணெயால் மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பரம்பரை, சீனி, மூன்று வேளைச் சோறு, நடையின்மை, காலம் கடந்து மருத்துவரைப் பார்த்தது என்று காரணங்கள் பல. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புண்ணியம் என்று நினைத்து நாம் இலையில் வைத்ததில் எவ்வளவு நன்மை, எவ்வளவு கேடு என்று அதுவரை நாம் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. மாமா 2020இல் காலமானார். அவருக்குச் சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

கரும்பலகைக் கணக்கு

வீட்டுக்குப் போனதும் பழைய பழக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அப்போது வெள்ளிக்கிழமை தோறும் சுமார் 400 இலை போடுவோம். அதற்கு 17 கிலோ எண்ணெய்த் தகரம் ஒன்று தீரும். வடையும் அப்பளமும் பொரித்த சட்டியில் 5 கிலோ மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 12 கிலோ எங்கே? 400 வயிறுகளில். 12,000 கிராமை 400ஆல் வகுத்தால் ஆளுக்கு 30 கிராம். மேசைக்கரண்டிக் கணக்கில் இரண்டுக்கும் சற்று அதிகம்.

ஒரு கிராம் மாவுச்சத்திலோ புரதத்திலோ 4 கலோரி இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. எண்ணெய் முழுக்க முழுக்கக் கொழுப்பு. 30 கிராம் எண்ணெய் 270 கலோரி. ஒரு கிண்ணம் சோற்றில் ஏறக்குறைய 200 கலோரி. அதாவது, நாம் பரிமாறிய ஒவ்வோர் இலையிலும், கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் ஒரு கிண்ணத்துக்கு மேல் சோறு வைத்திருக்கிறோம். அந்தச் சோறு வயிற்றை நிரப்பவில்லை, பசியையும் தீர்க்கவில்லை.

இன்னொன்று. மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 22 கிராம். நாம் வாங்கும் செம்பனைச் சமையல் எண்ணெயில் 100க்கு 40 பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே ஒரு மதியச் சாப்பாட்டின் எண்ணெயிலேயே அந்த நாளைய அளவில் பாதி முடிந்துவிடுகிறது. நெய்ப் பொங்கலும் பாயசமும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

உங்கள் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நால்வர் உள்ள குடும்பத்தில் 5 கிலோ எண்ணெய்ப் போத்தல் ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல். மூன்று வாரத்திலேயே தீர்கிறது என்றால் அதைவிட அதிகம். போத்தலைத் திறக்கும் நாளில் அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். வேறு எந்த அறிவுரையும் வேண்டாம்; அந்தத் தேதி உங்களோடு பேசும்.

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. ஆறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உடல் எடை அதிகம். இந்தியர்களாகிய நம்மிடையே இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு எந்த ஆய்வும் வேண்டாம். பந்தியில் இலை போட்டதும் சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுப்பவர்களை எண்ணிப் பார்த்தாலே போதும்.

வித்து வேறு, எண்ணெய் வேறு

"எண்ணெய் என்ன வானத்திலிருந்தா வந்தது? எள்ளிலிருந்தும் தேங்காயிலிருந்தும்தானே வந்தது? அதுவும் தாவர உணவுதானே?" என்று என் மனைவியே கேட்டார். நியாயமான கேள்வி.

இதோ, இந்தச் சிறு தட்டில் மூன்று மேசைக்கரண்டி எள் வைத்திருக்கிறேன். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். இந்த மூன்று கரண்டியையும் பிழிந்தால் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் கிடைக்கும். சுமார் 120 கலோரி. எள்ளாக மென்று தின்றால் தாடை வலிக்கும். இரண்டாவது கரண்டியிலேயே போதும் என்று தோன்றும். அதில் நார்ச்சத்து உண்டு, புரதம் உண்டு, சுண்ணாம்புச் சத்து உண்டு. எண்ணெயாக ஊற்றினால் ஒரு நொடி, ஊற்றியதே தெரியாது. நாரும் புரதமும் சுண்ணாம்பும் எங்கே போயின? பிண்ணாக்கோடு மாட்டுக்குப் போயின. நல்லதை மாட்டுக்கு வைத்துவிட்டு, கொழுப்பை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். மாடு நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் சாப்பிடுகிறது!

தேங்காயும் அப்படித்தான். 100 கிராம் பச்சைத் தேங்காயில் சுமார் 33 கிராம் கொழுப்பு. பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். 9 கிராம் நார்ச்சத்து. 100 கிராம் தேங்காய் எண்ணெயில் கொழுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும் இதய நோய் உள்ளவர்கள் தேங்காய்த் துருவலையும் அளந்தே போட வேண்டும். தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு.

முழுமையான தாவர உணவு என்பதன் பொருள் இதுதான். தானியம், பருப்பு, காய், கீரை, பழம், கொட்டை, வித்து ஆகியவற்றை இயற்கை தந்த வடிவத்துக்கு இயன்ற அளவு நெருக்கமாக உண்பது. இறைச்சியை விட்டவர் எல்லாரும் இதைக் கடைப்பிடிக்கிறார் என்று சொல்ல முடியாது. புரட்டாசியில் நாம் சைவம். ஆனால் காலையில் எண்ணெயில் ஊறிய ரொட்டி சானாய், மதியம் பொரித்த சோயா இறைச்சிச் சம்பால், மாலையில் வாழைக்காய் பஜ்ஜி. ஆடும் கோழியும் தப்பித்தன. நம் இதயம் தப்பிக்கவில்லை.

பழமொழி சொன்ன வாணியன்

இதைக் கேட்டதும் என் வயதுக்காரர்கள் உடனே ஒரு பழமொழியை எடுத்து வீசுவார்கள். "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று நம் பாட்டன் சொல்லவில்லையா? செக்கில் எண்ணெய் ஆட்டும் வாணியனிடம் எண்ணெய் வாங்கினால் வைத்தியரிடம் போக வேண்டியதில்லை என்பதுதானே பொருள்?

உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டன் வாங்கிய எண்ணெய் எங்கே போனது என்று பாருங்கள். தலைக்குப் போனது, உடம்புக்குப் போனது, மாடத்து விளக்குக்குப் போனது. மிஞ்சியதுதான் தாளிக்கும் கரண்டிக்கு வந்தது. நான் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன். என் அம்மா ஒரு சிறு போத்தலைக் கையில் கொடுத்துத் தோட்டக் கடைக்கு அனுப்புவார். கால் போத்தல் தேங்காய் எண்ணெய் வாங்கி வருவேன். எட்டுப் பேர் கொண்ட வீட்டில் அது நாள் கணக்காக வரும். தாளிப்பதற்கு அம்மா எண்ணெயை ஊற்ற மாட்டார். போத்தல் வாயில் விரலை வைத்துச் சொட்டுவார். வடை என்றால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திதிக்கும்தான். சனிக்கிழமை தலையில் வைத்துத் தேய்த்த நல்லெண்ணெய், அந்த வாரம் முழுதும் நாங்கள் சாப்பிட்ட எண்ணெயைவிட அதிகமாக இருந்திருக்கும். அப்பாவோ விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிவிட்டு வருவார். அந்த உடம்புக்கு அந்த எண்ணெய். ஐந்து கிலோப் போத்தலை இரண்டிரண்டாகக் காரில் ஏற்றி வரும் நமக்கு அந்தப் பழமொழி பொருந்துமா?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செம்பனை எண்ணெயைக் குறை சொல்லுவது எனக்கு எளிதன்று. நம் நாட்டில் வாணிப முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்டது 1917இல், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். அந்தப் பெயரிலேயே நம் தமிழ் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் தோட்டத்திலும் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். பிறகு அப்பா நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுத்தார். அம்மா குனிந்து உதிரிப் பழம் பொறுக்கினார். அந்தக் கூலியில்தான் நான் படித்து ஆசிரியர் ஆனேன். ஆகவே இந்த எண்ணெயின் மேல் எனக்கு நன்றி உண்டு. ஆனால் என் பெற்றோர் உழைத்தது நான் நன்றாக வாழ வேண்டும் என்பதற்காக. அந்த எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதற்காக அன்று.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

ஸ்டென்ட் வைத்த பிறகு இதுபற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். இதய நோயாளிகளில் 28 பேர் ஒரு பிரிவு. 20 பேர் இன்னொரு பிரிவு. முதல் பிரிவினர் கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவு உண்டார்கள்; மொத்தக் கலோரியில் சுமார் 10 விழுக்காடுதான் கொழுப்பு. ஓராண்டுக்குப் பின், அவர்களுடைய இரத்தக் குழாய் அடைப்பு சராசரியாக 40.0 விழுக்காட்டிலிருந்து 37.8க்குக் குறைந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 42.7இலிருந்து 46.1க்குக் கூடியது. கிளீவ்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கால்டுவெல் எஸ்ஸல்ஸ்டின் இன்னும் கண்டிப்பானவர். தம்மிடம் வரும் இதய நோயாளிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது என்பார்.

மாணவர்களுக்கு ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது ஆசிரியருக்கு அழகன்று. ஆர்னிஷ் பிரிவினர் உணவை மட்டுமா மாற்றினார்கள்? புகை பிடிப்பதை விட்டார்கள், நடந்தார்கள், யோகமும் தியானமும் செய்தார்கள். எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. எஸ்ஸல்ஸ்டின் 2014இல் வெளியிட்ட ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவே இல்லை. ஸ்பெயின் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வோ, ஆலிவ் எண்ணெய் அல்லது கொட்டைகளோடு காய்கறிகள் மிகுந்த உணவை உண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைந்ததாகச் சொன்னது. 2013இல் வந்த அந்த ஆய்வில் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டு, 2018இல் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை.

ஆகவே எண்ணெய் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணெயை அளவோடு சேர்ப்பதைத் தவறு என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் வித்திலும் கொட்டையிலும் கிடைக்கும் கொழுப்பு நமக்குப் போதும் என்பதும், ஏற்கெனவே எடை கூடி, சர்க்கரை ஏறி, அடைப்பு வந்தவர்களுக்குக் கலோரியைக் குறைக்க எளிய வழி எண்ணெயைக் குறைப்பதே என்பதும் என் துணிபு. பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதோ எந்தக் கட்சியினருக்கும் உடன்பாடில்லை. அதைத்தான் நாம் வாரா வாரம் செய்துகொண்டிருந்தோம்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். மருந்தின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. பெரும்பகுதி, எவ்வளவு உண்பது, எப்போது உண்பது என்பதைப் பற்றியதே.

என் வீட்டு அடுப்பு

இனித் தாய்மார்களுக்கு. எண்ணெய் இல்லாமல் எப்படித் தாளிப்பது என்பதுதான் முதல் கேள்வி. என் மனைவியும், "என்னங்க, நாப்பது வருசமா நான் சமைச்சதையா குத்தம் சொல்றீங்க?" என்று முதல் மாதம் முழுவதும் கோபமாகத்தான் இருந்தார். பிறகு அவரேதான் வழி கண்டுபிடித்தார். நான் செய்தது வெங்காயம் உரித்தது மட்டும்.

சட்டி நன்றாகக் காய்ந்ததும் கடுகை வெறுமனே போட்டு மூடிவிடுங்கள், அதுவாகவே வெடிக்கும். பிறகு சீரகம், உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கடைசியாகக் கறிவேப்பிலை. வாசம் வந்ததும் குழம்பில் கொட்டலாம். வெங்காயத்தைக் காய்ந்த சட்டியில் போட்டுக் கிளறுங்கள். அடியில் பிடிக்கத் தொடங்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளியுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் பொன்னிறமாக வதங்கிவிடும். பொரியலுக்குத் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கைப்பிடித் துருவலைக் கடைசியில் தூவுங்கள். குழம்பு கெட்டிப்பட வறுத்த எள்ளையோ நிலக்கடலையையோ அரைத்து ஊற்றுங்கள். அப்பளத்தை அனலில் சுடுங்கள். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசையுங்கள். பழகிய தோசைக்கல்லில் பாதி வெங்காயத்தைத் தேய்த்துவிட்டு ஊற்றினால் தோசை எழும்பி வரும்.

இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, சுண்டல், கூட்டு, இரசம். இவற்றுக்கெல்லாம் எண்ணெய் எதற்கு? நம் முன்னோர் ஆவியில் வேகவைக்கக் கற்றவர்கள். புதிதாக எதையும் நாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்கிறேன், முதல் மூன்று வாரம் எதுவுமே ருசிக்கவில்லை. நான்காம் வாரம் பூசணிக்காய் பூசணிக்காயாக ருசித்தது. பதினான்கு மாதங்களில் என் எடை 84 கிலோவிலிருந்து 73க்கு வந்தது. அதே காலத்தில் தே தாரிக்கை விட்டேன். தினமும் 45 நிமிடம் நடந்தேன். ஆகவே பெருமை முழுவதையும் எண்ணெய்க்குக் கொடுக்க மாட்டேன்.

எச்சரிக்கை சில. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைத் திடீரென்று மாற்றாதீர்கள். உணவு மாறும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். நீங்களாக மருந்தை நிறுத்தவும் கூடாது. வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை உடம்பில் சேரச் சிறிது கொழுப்பு வேண்டும். ஆகவே ஒரு கைப்பிடிக் கொட்டையோ, ஆளி விதைப் பொடியோ, எள்ளோ நாள்தோறும் இருக்கட்டும். பாலையும் விட்டவர்கள் வைட்டமின் பி12 மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். தாவர உணவில் அது போதிய அளவு கிடைக்காது. சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், மெலிந்துபோன முதியவர்கள் ஆகியோருக்கு இந்த முறையை நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

பந்தி கற்றுக் கொடுத்த பாடம்

பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் நீங்கி 2022இல் அன்னதானம் மீண்டும் தொடங்கியபோது, செயலவைக் கூட்டத்தில் என் நோட்டுப் புத்தகத்தை விரித்தேன். ஒரு வரிசையை மட்டும் எண்ணெய் இல்லாப் பந்தியாக நடத்த அனுமதித்தார்கள். மூலையில் இரண்டு மேசை போட்டு, பலகையும் வைத்தேன். முதல் வாரம் 11 பேர் வந்தார்கள். அடுத்த வாரம் 6 பேர். மூன்றாம் வாரம் நானும் என் மனைவியும் மட்டும்.

என்னிடம் முன்பு படித்த ஒருவர், இப்போது வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "ஐயா, அங்க உக்காந்தா எல்லாரும் நோயாளியப் பாக்குற மாதிரி பாக்குறாங்க. கோயிலுக்கு வர்றதே அதக் கொஞ்ச நேரம் மறக்கத்தான்." ஆசிரியராக 34 ஆண்டுகள் இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று தலைகுனிந்தேன். படிப்பில் பின்தங்கிய பிள்ளையைத் தனி வரிசையில் உட்கார வைக்கக் கூடாது என்று மற்ற ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான்!

பலகையை எடுத்தோம். எல்லாருக்கும் ஒரே பந்தி. சாம்பார், கூட்டு, பொரியல், இரசம் ஆகியவற்றில் எண்ணெயைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். வடையை எடுக்கவில்லை, ஆனால் எல்லா இலையிலும் வைக்காமல், கேட்பவருக்கு மட்டும் பரிமாறினோம். பொரித்த எண்ணெயை மறுவாரத்துக்கு வைப்பதை நிறுத்தினோம். யாருக்கும் அறிவிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருவர் சமையற்காரர் மாறிவிட்டாரா என்று கேட்டார். ஏன் என்றேன். "சாப்பிட்ட பிறகு தூக்கம் வர மாட்டேங்குதே" என்றார். வாரம் ஒரு தகரம் தீர்ந்த எண்ணெய் இப்போது நான்கு வாரம் வருகிறது.

எல்லாமே இப்படி இனிதாக முடியவில்லை. நம் உபயகாரர் ஒருவர் மறைந்த தம் தந்தையார் பெயரில் இருபது ஆண்டுகளாக மாதந்தோறும் எண்ணெய்த் தகரங்கள் வழங்கி வந்தார். அளவைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது அவர் எழுந்து, "நீங்க வேணாங்கறது எண்ணெய இல்ல வாத்தியாரே, எங்க அப்பாவ" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். என் வாழ்நாளில் அவ்வளவு வருந்திய நாள் குறைவு. மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கணக்கைக் காட்டினேன். கரண்டி மாமாவின் கேள்வியைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் துணைவியார் உள்ளே போய் அவருடைய மாத்திரைப் பெட்டியை எடுத்து வந்து எங்கள் நடுவே வைத்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த மாதம் ஒரு தகரம் எண்ணெய் வந்தது. கூடவே, அதே தந்தையார் பெயரில், ஒரு மூட்டைத் துவரம்பருப்பும் வந்தது. இன்றும் இரண்டும் வருகின்றன. வருத்தம் தீர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் என் எதிர் இலையில் அமர்ந்து சாப்பிடுகிறார். எனக்கு அது போதும்.

வேண்டுகோள்

அன்புள்ளம் கொண்டோரே! இந்தப் புரட்டாசிக்கு நான் கேட்பது மூன்று. முதலாவது, சைவத்தோடு இன்னொரு விரதமும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த ஒரு மாதம் வீட்டில் எண்ணெயில் பொரிப்பதில்லை என்று. இரண்டாவது, எண்ணெய்ப் போத்தலின் மேல் தேதி எழுதுங்கள். மூன்றாவது, உபயகாரர்களுக்கு. உபயப் படிவத்தில் 'எண்ணெய்' என்ற ஒரு வரிக்குக் கீழே பருப்பு, காய்கறி, எள், தேங்காய், கைக்குத்தல் அரிசி என்று புதிய வரிகள் சேர்த்திருக்கிறோம். உங்கள் தாய் தந்தையர் பெயர் எந்த வரியில் இருந்தாலும் அதே மரியாதையோடுதான் வாசிக்கப்படும். விளக்குக்கு எண்ணெய் கொடுக்க விரும்புவோருக்கு ஆண்டு முழுவதும் இடம் உண்டு. சந்நிதியில் ஒரு விளக்கையும் நாங்கள் குறைக்கவில்லை.

பசித்து வருபவருக்குச் சோறு போடுவது அறம். அவர் அடுத்த ஆண்டும் தம் காலில் நடந்து வந்து அதே பந்தியில் அமரும்படி சோறு போடுவது அந்த அறத்தின் மறுபாதி. கரண்டி மாமா கேட்ட கேள்விக்கு, ஆறு ஆண்டுகள் கழித்து, என்னால் சொல்ல முடிந்த பதில் இவ்வளவுதான்.